பன்னிரண்டு நாளுக்கு ஒன்று

1105/53.

பார்த்தால் வீட்டுமனைப் பத்திரத்தில் வரும் சர்வே எண் போல இருக்கிறது. உண்மையில் இது ஓர் இசைப்படைப்பின் முகவரி. 1105 என்றால் கிறிஸ்துமஸ் நாள். 53 என்றால் 1753. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் அரண்மனை ஆலயத்தில் பாடுவதற்காக கிறிஸ்டோஃப் கிரௌப்னர் என்பவர் எழுதியது. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுக்கு 1101 என்று தொடங்கி, திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் ஓர் எண் உண்டு. சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதிய ஆண்டு. ஒருவருடைய படைப்புகளை நாள்காட்டியை வைத்தே அடுக்கலாம் என்றால் அவர் எவ்வளவு எழுதிக் குவித்திருக்க வேண்டும்!

1,418. இது ஆலயத்துக்காக அவர் எழுதிய கான்டாட்டாக்களின் எண்ணிக்கை. 1709இல் டார்ம்ஷ்டாட் அரசவைக்கு வந்தவர், 1754இல் பார்வை போகும்வரை எழுதினார். வகுத்துப் பாருங்கள். 45 ஆண்டுகளில் சராசரியாகப் பன்னிரண்டு நாளுக்கு ஒன்று.

கான்டாட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்குப் 'பாடப்படுவது' என்று பொருள். வாத்தியத்தில் ஒலிப்பது சொனாட்டா. குரலில் ஒலிப்பது கான்டாட்டா. ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான பரோக் காலத்தில் ஐரோப்பா முழுக்க இதை எழுதினார்கள். சில பாடகர்கள், ஒரு சிறிய வாத்தியக்குழு, ஐந்தாறு பகுதிகள், கால் மணியோ இருபது நிமிடமோ நேரம். கிரௌப்னருடையவற்றைக் கால் மணிக் கணக்கில் குறைத்தே வைத்தாலும், மொத்தத்தையும் தூங்காமல் கேட்டு முடிக்க ஏறக்குறைய 15 நாள் ஆகும். குறுவட்டில் பதித்தால் தட்டுக்கு ஐந்து வீதம் 284 தட்டு. பெட்டியோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூடத்து மின்விசிறியில் இடிக்கும்.

இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது? மேதைமை மட்டும் போதாது. அந்தக் காலத்து இசையெழுத்தே ஓர் அபாரமான சிக்கன இயந்திரம். அதைத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை.

முதலில் வெளிக்கூடு. அந்த ஞாயிறுக்கு ஆலயத்தில் வாசிக்க வேண்டிய வேதபகுதி முன்பே முடிவானது. கான்டாட்டாவின் சொற்கள் அதைச் சுற்றியே நெய்யப்படும். தொடக்கத்தில் பெரும்பாலும் பலகுரல் பாடல் ஒன்று. அடுத்து ரெசிட்டேட்டிவ் என்ற பேச்சுப்பாட்டு. இதற்குத் தாளக்கட்டு இல்லை, பேசும் வேகத்தில் சொற்கள் சுரத்தின்மேல் ஓடும், சேதி நகரும். பிறகு ஆரியா. இங்கே சேதி நின்றுவிடும். ஒரே ஓர் உணர்ச்சியை, அச்சமோ ஆறுதலோ, ஒரு குரலும் ஓரிரு வாத்தியங்களும் ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றி வரும். முடிவில் கோரால், அதாவது சபையாருக்கு முன்பே தெரிந்த மெட்டில் ஒரு துதிப்பாட்டு. இந்த மெட்டுகள் தமிழருக்கும் அந்நியமல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் லுத்தரன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தினார்கள். அந்த மரபில் வந்த 'ஞானப்பாட்டு'களைத் தமிழ் லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகின்றன. கிரௌப்னரின் கோராலைக் கேட்கும் தரங்கம்பாடிக்காரர் ஒருவர் நடுவில் கூடவே முணுமுணுக்க வாய்ப்பு உண்டு.

இனி ஆரியாவுக்குள் போவோம். அதன் அமைப்பு அ, ஆ, மறுபடி அ. மூன்றாம் பகுதியை யாரும் எழுதுவதில்லை. இரண்டாவதன் முடிவில் 'டா காப்போ' என்று இரண்டு சொல் போதும். 'தலையிலிருந்து' என்று அர்த்தம். வாத்தியக்காரர் பக்கத்தைத் திருப்பிப் பழைய இடத்துக்குப் போய்விடுவார். மூன்றில் ஒரு பங்கு மை மிச்சம்! ஆனால் மூன்றாவது பகுதி முதலாவதின் நகலாக ஒலிக்காது. பல்லவிக்குத் திரும்பும் பாடகர் புதிய சங்கதி போடுவதுபோல, திரும்பி வரும் பாடகர் தன் அலங்காரங்களைச் சேர்ப்பார். இசையமைப்பாளர் எழுதாமல் விட்ட இடம், பாடகர் தன் திறமையைக் காட்டும் இடம்.

இதைவிட நுட்பமான சிக்கனம் ஒன்று இருக்கிறது. எண்ணிட்ட தாழ்சுரம். இசைத்தாளின் அடிவரியில் தாழ்ந்த சுரங்கள் ஓடும். செல்லோ போன்ற வாத்தியம் அதை வாசிக்கும். அதே வரியைப் பார்த்து ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்டு வாசிப்பவர், இடக்கையால் அந்தச் சுரத்தையும் வலக்கையால் அதோடு இணைந்து ஒலிக்க வேண்டிய மற்றச் சுரங்களையும் வாசிப்பார். அந்த மற்றச் சுரங்கள் எவை? அவற்றைத் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள். சில இடங்களில் சின்னச் சின்ன எண்கள் மட்டும் இருக்கும்.

நம் சுரங்களிலேயே பார்க்கலாம். அடிவரியில் 'ச' இருக்கிறது, எண் இல்லை. அப்படியானால் அதிலிருந்து எண்ணி மூன்றாவதும் ஐந்தாவதும் சேர்க்க வேண்டும். ச-வை ஒன்று என்று எண்ணினால் க மூன்று, ப ஐந்து. ச-க-ப. இப்போது அடிவரியில் 'க' இருக்கிறது, கூடவே 6 என்ற எண். மூன்றாவதும் ஆறாவதும் சேர்க்க வேண்டும். க-விலிருந்து மூன்றாவது ப, ஆறாவது மேல் ச. மறுபடி அதே மூன்று சுரங்கள்தான். இப்போது க அடியில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் காதுக்கு முன்னது வீடு வந்து சேர்ந்த மாதிரி, பின்னது இன்னும் நடந்துகொண்டிருக்கிற மாதிரி. ஒற்றை எண்ணால் இவ்வளவு வித்தியாசம்.

எந்தச் சுரங்கள் என்பதை எண் சொல்கிறது. எத்தனை தடவை தட்டுவது, உடைத்து வாசிப்பதா சேர்த்து வாசிப்பதா, மேலேயா கீழேயா என்பதை வாசிப்பவரே அந்த நொடியில் முடிவு செய்கிறார். அதனால் இரண்டு ஹார்ப்சிகார்டு கலைஞர்கள் ஒரே தாளை வைத்து வாசித்தாலும் இரண்டு விதமாக ஒலிக்கும். இரண்டும் சரி. இசையமைப்பாளர் நான்கு வரி எழுதி எட்டு வரிக்கான ஒலியைப் பெறுகிறார். பன்னிரண்டு நாள் கணக்கின் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது.

மீதிப் பாதியில் ஒரு சகலை வருகிறார். கிரௌப்னர் மனைவியின் சகோதரியை மணந்தவர் யோஹான் கொன்ராட் லிக்டென்பெர்க் என்ற போதகர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கான்டாட்டாக்களுக்கு இவர்தான் சொற்களை எழுதிக் கொடுத்தார். இந்தப் போதகருக்கு 1742இல் ஒரு மகன் பிறந்தான். பெயர் கேயார்க் கிறிஸ்டோஃப். வளர்ந்து இயற்பியலாளர் ஆன அவர், 1777இல் பிசின் தகட்டின்மேல் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொடியைத் தூவினார். மின்னூட்டம் இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நட்சத்திரமும் கிளையுமாக உருவங்கள் தெரிந்தன. லிக்டென்பெர்க் உருவங்கள் என்று இன்றும் பெயர். மின்னூட்டத்தில் பொடி ஒட்டும் அதே தத்துவத்தில்தான் 1938இல் செஸ்டர் கார்ல்சன் நகலெடுக்கும் முறையைக் கண்டார். ஜெராக்ஸ் கடையில் நடப்பது அதுவே. அப்பாவின் பாட்டுகளை ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தனித்தனியாக, இறகுப் பேனாவால் கையொடியப் பிரதியெடுத்தார்கள் என்பதை நினைத்தால் வரலாற்றின் இந்த முடிச்சு என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

சரி, அந்தக் கான்டாட்டாக்கள் எப்படி ஒலித்தன? கிரௌப்னருக்குத் தனி நிறமுள்ள வாத்தியங்கள்மேல் தீராத ஆசை. ஷாலுமோ என்ற ஊதுகுழலை 80க்கு மேற்பட்ட கான்டாட்டாக்களில் பயன்படுத்தினார். கிளாரினெட்டின் மூதாதை அது. நாகசுரச் சீவாளியிலும் ஓபோவிலும் இரட்டை நாணல் அதிரும். ஷாலுமோவில் ஒற்றை நாணல்தான். இதில் ஓர் இயற்பியல் விந்தை உண்டு. புல்லாங்குழல் இரு முனையிலும் திறந்த குழாய். ஷாலுமோவின் நாணல் முனையோ ஒலியலைக்கு மூடிய முனை மாதிரி. ஒரு பக்கம் மூடிய குழாய், இரு பக்கமும் திறந்த அதே நீளக் குழாயைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கையளவுக் குழலிலிருந்து ஆண்குரல் ஆழத்தில் ஓர் ஒலி வரும். முதல் தடவை கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தோன்றும். இன்றைய கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயிக்கு ஷாலுமோ என்றுதான் இன்னும் பெயர்.

இன்னொன்று வியோலா டாமோர். வில் போடும் தந்திகளுக்கு அடியில், வில்லே தொடாத வேறு தந்திகள் அதில் ஓடுகின்றன. மேலே ஒரு சுரம் ஒலித்ததும் அதே சுரத்துக்குக் கூட்டிய கீழ்த்தந்தி தானாக அதிரும். சித்திரவீணை கேட்டவர்களுக்கு இந்த அனுதாபத் தந்திகளின் வேலை தெரியும். வாசித்து நிறுத்திய பிறகும் ஒலியைச் சுற்றி ஒரு வெள்ளி விளிம்பு தங்கியிருக்கும்.

சொல்லின் பொருளை ஒலியால் வரைவது பரோக் காலத்தாருக்கு ரத்தத்தில் ஊறியது. கிரௌப்னர் காலத்து இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான பாக் 1725 பிப்ரவரியில் அரங்கேற்றிய ஒரு கான்டாட்டா, அவர் படைப்புகளின் பட்டியலில் 127ஆம் எண், அவ்வளவாக மேடை ஏறாதது. அதில் ஓர் ஆரியா. ஓர் ஓபோ நீளமாக இழைய, இரண்டு புல்லாங்குழல்கள் சீராகச் சொட்டிக்கொண்டே இருக்கும். சாவு மணியைப் பற்றிச் சொற்கள் வரும் கணத்தில், வில்லை வைத்துவிட்டுத் தந்திகளை விரலால் மீட்டத் தொடங்குவார்கள். மணி அடிக்கத் தொடங்கிவிட்டது! சில நொடிதான்; ஆனால் ஒரு சபை முழுதும் தலை நிமிர்ந்திருக்கும்.

பாக் பெயரை எடுத்ததும் 1723க்குப் போயாக வேண்டும். லைப்சிக் நகரின் தோமா ஆலய இசைப்பொறுப்பு காலியாக இருந்தது. நகரசபை முதலில் விரும்பியது டெலமான் என்ற இசையமைப்பாளரை. அவர் ஹாம்பர்கை விட்டு வரவில்லை. அடுத்து கிரௌப்னர். அந்த ஆலயத்தின் பள்ளியிலேயே படித்தவர், அந்த ஊரிலேயே சட்டம் பயின்றவர், எல்லாம் பொருந்தியது. அவருடைய சிற்றரசர் எர்ன்ஸ்ட் லுட்விக் விடவில்லை. சம்பளத்தை உயர்த்தித் தன்னிடமே வைத்துக்கொண்டார். கிரௌப்னர் லைப்சிக் சபைக்குக் கடிதம் எழுதி, பாக் அந்த வேலைக்குத் தகுந்தவர் என்று பரிந்து பேசினார். பாக் அமர்ந்தார். பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

டார்ம்ஷ்டாட்டில் நடந்ததுதான் தெரியாது. கிரௌப்னர் தன் ஹார்ப்சிகார்டு இசையைத் தானே தகட்டில் செதுக்கி அச்சிட்டார். கான்டாட்டாக்களோ கையெழுத்திலேயே இருந்தன. 1760இல் அவர் இறந்ததும் அந்தத் தாள்கள் யாருக்குச் சொந்தம் என்று தகராறு. எழுதியவரின் வாரிசுகளுக்கா, சம்பளம் கொடுத்த அரசுக்கா? வழக்கு 1819 வரை இழுத்தது. தீர்ப்பு வாரிசுகளுக்குப் பாதகமாக வந்தது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அந்தத் தாள்களை யாராலும் விற்கவோ அச்சிடவோ முடியவில்லை. அதற்குள் ரசனை மாறி, அவர் பெயரே மறந்துபோனது.

ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பாக்கின் தாள்கள் பிள்ளைகளிடையே பங்கு பிரிக்கப்பட்டன. சிலர் பத்திரப்படுத்தினார்கள், மூத்த மகன் பணமுடையில் விற்றார். பாக்கின் ஆலயக் கான்டாட்டாக்களில் ஏறத்தாழ 200 மட்டுமே இன்று இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்காவது போய்விட்டது என்பது கணிப்பு. கிரௌப்னரை மறக்கடித்த அதே வழக்குதான் அவர் தாள்களைக் கட்டுக்குலையாமல் காத்தது. முழு இசைத்தாள், கூடவே பாடகர், வாத்தியக்காரர் ஒவ்வொருவரின் தனித்தாளும், எழுதிய மாதக் குறிப்போடு. 1944 செப்டம்பர் 11 இரவில் குண்டுவீச்சில் டார்ம்ஷ்டாட் எரிந்தது. அரண்மனையும் அதிலிருந்த நூலகமும் எரிந்தன. கிரௌப்னரின் கட்டுகள் தப்பின.

தப்பிய தாளை ஒலியாக்குவது தனிக் கலை. சொற்கள் இருப்பது பழைய ஜெர்மன் கூட்டெழுத்தில். இன்றைய ஜெர்மானியருக்கே பழகாமல் படிக்க வராது. ஒருவர் அதைப் படித்துக் கணினியில் ஏற்றி, முழுத்தாளையும் தனித்தாள்களையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒன்றில் உள்ள பிழை மற்றதில் திருந்தியிருக்கும். தனித்தாள்கள் சாட்சியும் சொல்லும். ஒரு குரலுக்கு ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது என்றால் பாடியது ஒருவரா, ஒரே தாளை எட்டிப் பார்த்த மூவரா? 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்கர் பாக்கின் தனித்தாள்களை எண்ணிப் பார்த்து, பெரும்பாலும் குரலுக்கு ஒருவரே பாடினார் என்று வாதிட்டார். இசை உலகம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது. இன்று பல பதிவுகளில் நால்வர் மட்டுமே பாடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோல் தெரிகிறது. நான் அந்தக் கட்சி.

சுருதியும் ஒரு புதிர். இன்றைய மேற்கத்திய வாத்தியக்குழுக்கள் 'ஏ' என்ற சுரத்தை நொடிக்கு 440 அதிர்வில் வைக்கின்றன. பரோக் பதிவுகளில் வழக்கம் 415. நம் கணக்கில் அரைக் கட்டை இறக்கம். ஆனால் பல ஜெர்மன் ஆலயங்களின் ஆர்கன்கள் 440க்கும் அரைக் கட்டை மேலே இருந்தன. ஒரே பாட்டில் ஆர்கனுக்கும் வயலினுக்கும் ஒரு முழுக் கட்டை வித்தியாசம்! தீர்வு எளிமையானது. ஆர்கன் வாசிப்பவரின் தாளை மட்டும் ஒரு கட்டை இறக்கி எழுதிவிடுவார்கள். தாளில் இரண்டு சுருதி, காதில் ஒன்று. பதிவின்போது இன்னொரு தொல்லை. ஆட்டுக்குடலில் செய்த தந்திகள் ஈரப்பதத்துக்கு ஏற்ப இளகும், இறுகும். ஒரு பகுதி முடிவதற்குள் சுருதி நழுவும். வெளியே லாரி போனால் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவையும் தாண்டிப் பதித்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் ஹார்ப்சிகார்டு கலைஞர் ஜெனிவியேவ் சோலி தன் குழுவோடு கிரௌப்னரைத் தட்டுத் தட்டாக வெளிக்கொணர்ந்தார். பெல்ஜியத்தின் ஃப்ளோரியான் ஹேய்ரிக் 1741ஆம் ஆண்டுத் தவக்காலக் கான்டாட்டாக்களைப் பதித்தார். ஆஸ்திரியப் பாடகி மிரியம் ஃபொயர்சிங்கர், பாசல் நகரின் கப்ரிகோர்னுஸ் குழுவோடு பாடிய ஒற்றைக் குரல் கான்டாட்டாக்களின் தட்டு எனக்கு மிக நெருக்கமானது. எண்ணிட்ட தாழ்சுரம் எவ்வளவு உயிரோடு மூச்சுவிடும் என்பதைக் காதொலிப்பானில் கேட்டால் உணரலாம்.

ஆனாலும் கணக்கு மலைக்க வைக்கிறது. பாக்கின் ஏறத்தாழ 200 ஆலயக் கான்டாட்டாக்களை ஜப்பானின் மசாக்கி சுஸுகி கோபே நகரக் கல்லூரி ஆலயம் ஒன்றில் 1995 முதல் 2013 வரை பதித்தார். 55 தட்டு, 18 ஆண்டு உழைப்பு. அதே வேகத்தில் கிரௌப்னரை முடிக்க ஏறத்தாழ 128 ஆண்டு ஆகும். எழுதிய காலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழக நூலகம் இந்தக் கையெழுத்துகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் பிறந்தநாள் எந்த ஞாயிறையோ பண்டிகையையோ ஒட்டி வருகிறதோ, அதற்குரிய எண்ணைத் தேடுங்கள். வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய பல கான்டாட்டாக்கள் அந்த ஓர் எண்ணின் கீழ் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. ஒன்றைத் திறந்தால், பழுப்பேறிய தாளில் மாதத்தின் பெயர். அடிவரியில் க. பக்கத்தில் சின்னதாக ஒரு 6. யாராவது வலக்கையை வைக்க வேண்டும்.